குரல் நின்றால்

மார்ச் 4, திங்கள்

அப்பா இன்று கோப்பியைக் காற்றின் மேல் வைத்தார்.

மேசை அங்கே இருக்கிறது என்று நினைத்துக் கையை விட்டார். கோப்பை உடைந்தது. அம்மா குனிந்து துடைத்தாள்.

"மேசய யாரு நவுத்துனது?" என்றார் அப்பா.

யாரும் நகர்த்தவில்லை.

மார்ச் 7, வியாழன்

கிளவுக்கோமா. இரண்டு கண்களிலும். நடுவில் மட்டும் கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கிறதாம், ஸ்ட்ரா வழியாகப் பார்ப்பதுபோல. அதுவும் போகும். டாக்டர் என் வயதுப் பெண். எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டாள். "போன மாசம்" என்றார் அப்பா, தயங்காமல். அவள் ஸ்கேன் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், எதையோ எழுதிக்கொண்டாள்.

காரில் வந்து உட்கார்ந்ததும்தான் உண்மை வந்தது. ஆறு வருடம். பென்சன்காரர்களுக்கான பரிசோதனையில் முன்னால் நிற்பவன் எழுத்துகளை வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வாராம்.

"ஏங்க?" என்றாள் அம்மா.

"பழக்கம்லா. டாக்டர்ட்ட சளின்னு சொன்னாக்கூடப் பறக்க விடமாட்டாங்க. ஏர்போர்ஸ்ல ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

"நீங்க பறக்கறத விட்டு பதினோரு வருசமாச்சு."

ஈப்போ கார்டன் சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தும் நான் கிளப்பவில்லை. பின்னால் ஹாரன்.

மார்ச் 10, ஞாயிறு

கர்னல் கார்த்திகேசு. ஹெலிகாப்டர் விமானி. ஓய்வு பெற்றவர். எனக்குத் தெரிந்தது எவ்வளவு என்று எழுதிப் பார்க்கிறேன்.

சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பால்வெட்டுக்காரர் மகன். பத்தொன்பது வயதில் விமானப்படை. சபா, சரவாக். காட்டுக்குள் ஆட்களை இறக்குவது, வெள்ளத்தில் கூரைமேல் நிற்பவர்களை ஏற்றுவது. பிறகு ஸ்குவாட்ரன் தலைமை. பிறகு கோலாலம்பூரில் ஒரு மேசை. கர்னல். அதற்கு அடுத்த ஒரு நட்சத்திரம் வரவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அந்தத் தோட்டத்துக்கு எங்களை ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது என்பதை மேலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டாராம். ஒருமுறை. வேறு வேலையாகப் போகும் வழியில்.

நான் பிறந்தபோது லபுவானில் இருந்தார். வாரம் ஒரு போன். சாப்டியா, படிச்சியா, அம்மாட்ட குடு.

அரைப்பக்கம்கூட வரவில்லை.

மார்ச் 16, சனி

லூயிஸ் போன் செய்தார். லெப்டினன்ட் கர்னல் லூயிஸ். அப்பாவின் பக்கத்து இருக்கையில் பறக்கப் பழகியவர், இன்று அதே ஸ்குவாட்ரனின் தலைவர். அப்பா ஓட்டிய பழைய ஹெலிகாப்டர் ஒன்றை முகாமின் வாசலில் மேடை கட்டி நிறுத்தப்போகிறார்களாம். மே இருபத்தைந்தாம் தேதி விழா. அப்பாதான் திறந்துவைக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, திடலைத் தனியாகக் கடந்துபோய், அதன் மூக்கில் மாலை போட்டு ஒரு சல்யூட். அவ்வளவுதான்.

"கட்டாயம் வாரேன்" என்றார் அப்பா.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "கண்ணு தெரியாம எப்பிடிங்க நடப்பீங்க?"

"நடக்கறதுக்குக் கண்ணு எதுக்கு."

"லூயிஸ்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போவான். நம்ம புள்ளமாதிரி அவன்."

"சொல்லலாம். சொன்னா, எப்பலேர்ந்துன்னு கேப்பானுங்க. அப்பறம் ஒவ்வொருத்தனும் பின்னுக்கு எண்ணிப் பாப்பான். எங்கூடப் பறந்தவன், நான் தூக்கிட்டு வந்தவன், எல்லாரும். அப்பவே இந்தாளுக்குத் தெரியலயோன்னு."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

கமுந்திங்கிலிருந்து பத்துமலை அங்கிள் வந்தார். ஒரு பை நிறைய பீசாங் கோரேங், பொரித்த வாழைப்பழம். அங்கே ஒரு தொழிற்சாலையில் காவலர்களுக்கு மேற்பார்வை. முன்பு அப்பாவின் ஹெலிகாப்டரில் கதவோரத்து ஆள். குவாட்டர்மாஸ்டர் என்று பெயர், மூட்டை முடிச்சு மட்டும் வேலை இல்லை. காட்டுக்குள் ஒரு பொந்தில் இறங்கும்போது விமானிக்குத் தன் காலுக்குக் கீழே இருப்பதும் தெரியாது, வாலும் தெரியாது. இவர் கதவில் குப்புறப் படுத்துத் தலையை வெளியே நீட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சொன்னபடி அவர் இறக்குவார்.

"துவானுக்கு வாலு எங்க இருக்குன்னே தெரியாதும்மா. எனக்குத்தான் தெரியும்." அப்பா அவருக்கு இன்னும் 'துவான்', ஐயா.

"ஏன்டா, எனக்கும் தெரியும். பின்னாடிதான இருந்துச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இது பழைய ஜோக் என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் இதுவரை சொல்லப்படாத பழைய ஜோக்.

திட்டத்தை இருவரும் முன்பே போனில் பேசி முடித்திருக்கிறார்கள். விழாவில் அப்பாவுக்கு இரண்டடி பின்னால் மாலைத் தட்டை ஏந்திக்கொண்டு நான் வருவேன். மகள்தானே, யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். உதடு அதிகம் அசையாமல் வழி சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

நான். கல்லூரியில் என்னை 'மியூட்' என்று கூப்பிடுவார்கள். தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்து எட்டு மாதம், தலைமையாசிரியர் இன்னும் "சத்தமா, டீச்சர், சத்தமா" என்கிறார்.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா சட்டம்" என்றார் பத்துமலை. "வாய மூடக்கூடாது. சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னாலும் 'அப்பிடியே, அப்பிடியே'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். கொரலு நின்னுச்சுன்னா துவானுக்கு ஒரே அர்த்தந்தான். கீழ என்னமோ ஆயிருச்சு. யோசிக்கவே மாட்டாரு. எடது கையில லிவரு, இப்பிடி, ஒரே தூக்கு. மேல போயிருவாரு."

சோபாவின் பக்கத்தில் இடது கையை வைத்து மேலே இழுத்துக் காட்டினார். அப்பாவின் இடது கையும் கூடவே எழுந்ததைப் பார்த்தேன். அவருக்குத் தெரியாமலே.

"எப்ப மூடலாம் அங்கிள்?"

"சக்கரம் தொட்டதும் 'தரை'ன்னு சொல்லணும். அதுக்கப்பறம் ஒன் இஷ்டம்."

ஹெலிகாப்டரில் இதெல்லாம் ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டுமாம். "ரொம்பக் கஷ்டமான எடத்துல மட்டும் தமிழ் வந்துரும்."

மார்ச் 31, ஞாயிறு

வீட்டுக்குப் பின்னால் உள்ள பாடாங்கில், புல்திடலில், முதல் பயிற்சி. காலை, யாரும் வருவதற்குள்.

"கொஞ்சம் இடது பக்கமாப் போனா நல்லதுப்பா" என்றேன்.

"கட்டுர படிக்காத. எங்க, எவ்ளோ. அவ்ளோதான் எனக்கு வேணும்."

"இடது."

"எவ்ளோ?"

"கொஞ்சம்."

நின்றுவிட்டார். "பத்துமலை 'கொஞ்சம்'னு சொல்லியிருந்தான்னா நீ பொறந்திருக்கவே மாட்ட."

குரல் நின்றால் என்ன செய்வது என்பதையும் பேசி வைத்துக்கொண்டோம். நடக்கிறவர் மேலே ஏற முடியாது. எனவே பின்னால் ஓர் எட்டு. வந்த வழி பத்திரமான வழி. அது அவருடைய யோசனை. நான் சரி என்றேன்.

ஏப்ரல் 3, புதன்

முன்னால மூணு. ரெண்டு. எடது ஒண்ணு. அப்பிடியே. அப்பிடியே.

கனவிலும் இதுவே ஓடுகிறது. நான் படித்த நாவல்களில் யாருக்கும் இவ்வளவு குறைவான சொற்கள் போதுமாக இருந்ததில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. வீடு நிறைய ஆட்கள். அப்பா காலையிலிருந்து ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் குரலை வைத்தே பெயர் சொல்லி அழைத்தார். யாருக்கும் தெரியவில்லை. "கர்னல் எந்திரிக்கக்கூட மாட்டேங்கறாரு பாரேன், திமிரு" என்று பெரியப்பா மகன் தர்மா பக்கத்தில் இருந்த கோகிலன் மாமாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவருக்கு இப்போது எல்லாம் கேட்கிறது.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்று நடந்து முடித்துப் பாடாங்கின் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் கேட்காமலே சொன்னார்.

சரவாக் உள்காடு. பிரசவம் சிக்கலான ஒரு பெண்ணை ஏற்றப் போனார்கள். மரங்களுக்கு நடுவே ஓர் ஓட்டை. பத்துமலை சொல்லிக்கொண்டே வந்தார். பாதியில் குரல் நின்றது. ஹெல்மெட் ஒயர் கழன்றுவிட்டது, அவ்வளவுதான். அப்பாவுக்கு அது தெரியாது. தூக்கிவிட்டார். சுற்றிவந்து மறுபடி பார்த்தால், இறங்கவேண்டிய இடத்தில் ஒரு பட்டமரம் விழுந்து கிடந்தது. அவர்களுடைய காற்றில்தான் சாய்ந்திருக்கிறது.

"ஒயரு கழறலன்னா?"

"எறங்கியிருப்பேன்."

"அந்தப் பொண்ணு?"

"பக்கத்து ஆத்துமேட்டுல எறங்கி எடுத்தோம். கொழந்த மேலயே பொறந்துச்சு. பத்துமலைதான் புடிச்சான். ஒரு மாசம் ஒருத்தன்கிட்டயும் வேற பேச்சே பேசல அவன்."

சிரித்தார். ஸ்ட்ரா வழியாக எங்கோ பார்த்தார்.

இருபத்தேழு வருடம் இவரோடு ஒரே வீடு என்ற பெயரில் இருந்திருக்கிறேன். இப்போதுதான் ஆரம்பிக்கிறோமா?

மே 5, ஞாயிறு

அம்மா அப்பாவின் கோட்டை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். பதக்கங்களை எலுமிச்சை போட்டுத் தேய்த்தாள். இரண்டு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தவள்.

"விழுந்தா யாரு பாக்கறதுன்னு கேட்டியே" என்று அப்பா சீண்டினார்.

"இப்பவும்தான் கேக்கறேன். விழறதுன்னா நல்ல சட்டையோட விழுங்க."

மே 12, ஞாயிறு

நான் பேசவில்லை.

முதலிலிருந்து எழுத வேண்டும். பாடாங்கை முடித்துவிட்டோம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் லொங்காங், ஆழமான சாக்கடை, அதன் மேல் ஒரு சிமெண்டுப் பலகை. எத்தனையோ முறை கடந்தது. முன்னால ரெண்டு, ஒண்ணு, பலகை, அப்பிடியே. கடந்தார். கடந்து நிமிர்ந்து அடுத்த எட்டு எடுத்து வைத்தார் — எப்படிச் சொல்வது — பார்வை இருக்கிறவர்கள் அப்படி நடப்பதில்லை. தோள் நேராக. கை தன்பாட்டில். பின்னால் சுண்ணாம்பு மலை, இடப்பக்கம் வெயில். என் அப்பா நடக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாய் நின்றுவிட்டது. எனக்கே தெரியவில்லை.

அவர் யோசிக்கவில்லை. பின்னால் ஓர் எட்டு வைத்தார். பலகை அங்கே இல்லை, ஒரு சாண் தள்ளி இருந்தது. கால் லொங்காங்குக்குள் இறங்கியது.

சத்தம் போடவில்லை அவர். நான்தான் போட்டேன். அப்போது மட்டும் எப்படி வந்தது அந்தச் சத்தம்?

மே 13, திங்கள்

இடுப்பு எலும்பு. ஆபரேஷன் முடிந்தது. அம்மா என்னிடம் பேசுகிறாள். சாப்பாடு, துணி, போன் சார்ஜர். அதைப் பற்றி மட்டும் இல்லை.

மே 14, செவ்வாய்

கண் விழித்ததும் கேட்டார். "கொரலு ஏன் நின்னுச்சு?"

பொய் ஒன்று தயாராக வைத்திருந்தேன். போன் அடித்தது என்று.

"உங்களப் பாத்துக்கிட்டு இருந்தேம்பா. மறந்துட்டேன்."

அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எப்பிடி இருந்துச்சு?"

"என்னதுப்பா?"

"நட."

"நேரா. ரொம்ப நேரா. கண்ணு தெரியாதவருன்னு எவனும் சொல்ல மாட்டான்."

"ம். அப்ப சரி."

வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். துப்புரவுப் பணிசெய்யும் அக்கா ஒருத்தி என்னைச் சுற்றித் தண்ணீர்விட்டுத் துடைத்துப் போனாள். எழுந்திருக்கச் சொல்லவில்லை.

மே 19, ஞாயிறு

குளியலறையில் விழுந்துவிட்டதாகச் சொல்லச் சொன்னார். அப்படியே லூயிஸ் அண்ணனிடம் சொன்னேன். இன்று நேரில் வந்துவிட்டார், சாதாரணச் சட்டையில், ஆரஞ்சுப் பையோடு.

"துவான், எப்பிடி இருக்கீங்க?" கையை நீட்டினார்.

அப்பா அந்தக் குரலின் பக்கம் சரியாகத் திரும்பினார், சரியாகச் சிரித்தார். கையைத் தரவில்லை. நீட்டிய கை கட்டிலுக்கு மேல் அப்படியே நின்றது. லூயிஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஆரஞ்சைப் பார்த்தேன். அவர் கையை மெதுவாக இறக்கி, போர்வையின் மேல் கிடந்த அப்பாவின் கையைத் தானே எடுத்துக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் யாருக்கு எங்கே மாற்றல் என்று பேசினார்கள். யாரோ ஒருவனைக் கெட்டவார்த்தையில் திட்டினார்கள். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள், சிரித்துக்கொண்டே.

வராந்தாவில் லூயிஸ் அண்ணன் கேட்டார். "எப்பலேர்ந்து?"

அப்பா பயந்த அதே கேள்வி. சட்டென்று சூடாகிவிட்டது எனக்கு. "பறக்கறத விட்டு ரொம்ப வருசம் கழிச்சித்தாண்ணே. டாக்டரே சொல்லியிருக்காங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க."

"நான் அதக் கேக்கலம்மா." சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எப்பலேர்ந்து தனியா வச்சிக்கிட்டு இருக்காருன்னு கேட்டேன்."

இதை அப்பாவிடம் சொல்லலாமா? சொல்ல வேண்டும். நாளைக்கு.

மே 21, செவ்வாய்

சொல்லவில்லை. காய்ச்சல். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு படுத்தே கிடந்தால் வருமாம். நெஞ்சு வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டதற்கு இல்லை என்றார். "இருக்கு டாக்டர்" என்றாள் அம்மா. "இவரு சொல்ல மாட்டாரு. எங்கிட்ட கேளுங்க."

மே 25, சனி

விழா நடந்தது. அப்பாவின் இடத்தில் பத்துமலை அங்கிளை நடக்கவைத்திருக்கிறார் லூயிஸ் அண்ணன். அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஓய்வுபெற்ற ஒரு சார்ஜன்ட் மாலையோடு திடலைக் கடந்தார். அங்கிள் போன் செய்தபோது அப்பாவின் காதில் வைத்தேன். ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டே கேட்டார்.

"துவான், எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. இருந்தாலும் நடக்கறப்ப எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். முன்னால அஞ்சு, நாலுன்னு."

அப்பாவின் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"வாலு?"

"வாலு எங்க இருந்துச்சுன்னு கேக்கறாரு அங்கிள்."

"பின்னாடிதான் துவான்" என்றது போன்.

பிறகு நான் லூயிஸ் அண்ணன் வராந்தாவில் கேட்டதையும் சொன்னேன். காதோரம், ஒரு சொல் விடாமல். கேட்டுவிட்டு என் விரலை அழுத்தினார். முன்பைவிடப் பலம் குறைவாக.

மே 28, செவ்வாய்

பகல். பக்கத்துச் சூராவில், அந்தச் சின்னப் பள்ளிவாசலில், தொழுகை அழைப்பு முடிந்த நேரம்.

காலையிலிருந்து பேசிக்கொண்டே இருந்தேன். அம்மா மறுபக்கம். அவர் முகம் என் குரலின் பக்கமே இருந்தது.

பிறகு நிறுத்தினேன்.

மே 30, வியாழன்

லூயிஸ் அண்ணனும் ஆட்களும் சீருடையில் வந்தார்கள். கொடியை மடித்து அம்மாவிடம் கொடுத்தார்கள். தர்மா கொள்ளி வைத்தான். அன்று திமிர் என்று சொன்னவன், இன்று சின்னப்பிள்ளைபோல் அழுதான். மழை இல்லை. எதுவுமே இல்லை.

ஜூன் 3, திங்கள்

அவருடைய மேசையை அம்மா சுவரோரம் தள்ளிவைத்தாள். சாப்பிட வந்தபோது பழைய இடத்திலேயே மறுபடி இருந்தது. அதையும் அவள்தான் செய்திருக்க வேண்டும்.

ஜூன் 12, புதன்

பதினாறாம் நாள் காரியம். எல்லாரும் போனபிறகு பத்துமலை அங்கிள் மட்டும் இருந்தார். அம்மா அவருக்குக் கோப்பி கொடுத்தாள். அவர் மேசையின் விளிம்பைத் தடவிப் பார்த்துக் கோப்பையை வைத்தார். ஏன் அப்படி வைத்தார் என்று தெரியவில்லை.

அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதனால் கேட்க நினைத்ததை இவ்வளவு நாள் வைத்திருந்திருக்கிறார்.

"கடசில நீதான் பேசிக்கிட்டு இருந்தியாம்மா?"

"ஆமா அங்கிள்."

"நம்ம பேச்சா?"

"நம்ம பேச்சுதான். கீழ பத்து, எட்டு, அப்பிடியே, அப்பிடியே. அதச் சொன்னாத்தான் மூச்சு ஒழுங்கா வந்துச்சு. வேற என்ன சொன்னாலும் திணறுனாரு."

தலையாட்டினார். கோப்பியைக் குடிக்கவில்லை.

"தரைன்னு சொன்னியா?"

"இல்ல. ரெண்டு வரைக்கும் சொன்னேன். மறுபடியும் மேலேர்ந்து ஆரம்பிச்சேன். மறுபடியும் ரெண்டு. தரைன்னு சொல்ல வாயே வரல. அவரு ரொம்பக் கஷ்டப்பட்டாரு அங்கிள். எறங்க எடமே இல்லாதமாதிரி." அம்மா கதவருகில் வந்து நின்றதைப் பார்த்தேன். ஆனாலும் சொன்னேன். "அப்பறம் வாய மூடிட்டேன். வேணும்னேதான்."

அவர் என்னையே பார்த்தார்.

"கை?" என்றார்.

"எந்தக் கை?"

"எடது."

நாற்காலியின் பக்கத்தில் என் இடது கையை வைத்து, அப்பாவின் கை எழுந்த அளவுக்கு, ஒரு விரல் உயரம், தூக்கிக் காட்டினேன்.

அங்கிளின் இடது கையும் கூடவே எழுந்தது.